வாங்கிய கணக்கும் வாசித்த கணக்கும்

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று ஊர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இடையில் நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் வந்தாலும், பஸ்சில் உட்கார்ந்து கண் அயர்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். ஆறு நகராட்சிகள், 22 பேரூராட்சிகள் கொண்ட மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிருந்த 12,45,899 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகர்ப்புறவாசிகள். விவசாய மாவட்டம் என்று பெயர்; மக்கள் வசிப்பதோ சிறுநகரங்களில். பொது நூலகத்துக்கு இதைவிடத் தோதான நிலப்பரப்பு அமைவது கடினம். தேனியில் மாவட்ட மைய நூலகம், நகரங்களில் கிளை நூலகங்கள், உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் என்று துறையின் ஏணியும் முழுசாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பவர்கள் வந்துபோகட்டும் என்று வார விடுமுறையை வெள்ளிக்கு வைத்த யோசனையும் நல்ல யோசனைதான்.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் நூலகத்தின் சிக்கல் தூரம் சார்ந்ததாக இல்லை. கட்டடத்துக்குள் வந்துவிட்டவருக்கு அடுத்து எந்தப் புத்தகம் என்பதை யார், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

காலை நேரத்தில் ஏதாவது ஒரு கிளை நூலகத்துக்குள் நுழைந்து பாருங்கள். முன்மேசையில் நாளிதழ் வாசகர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். உள்ளே சுவரோரம் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள், யுவதிகள். அவர்கள் கையிலிருப்பவை பெரும்பாலும் சொந்தப் புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும். நூலகத்திடம் அவர்கள் கேட்பது மேசை, மின்விசிறி, அமைதி. மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். இந்த மூன்று கூட்டத்துக்கும் இடையில் சத்தமில்லாமல் வந்து, ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துப்போகிற நான்காவது ஆள் ஒருவர் உண்டு. நாவல் எடுப்பவர், வாழ்க்கை வரலாறு எடுப்பவர், மகளுக்காகக் கதைப்புத்தகம் எடுக்கும் அம்மா. நூலகத்தின் வருகைப் பதிவேட்டில் இவர் சிறுபான்மை. புத்தகப் பரிந்துரை என்று நாம் பேசுவதெல்லாம் இவரை நம்பித்தான்.

முதலில் பணம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரும், பல ஆண்டுகளாக இதற்காக மன்றாடிவந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனும் அதன் பின்னால் இருந்தவர்கள். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கலாம் என்றது சட்டம். தொடக்கத்தில் ரூபாய்க்கு ஆறு பை. இப்போது பத்துக் காசு. வரவுக்கு உத்தரவாதம் தந்த அருமையான ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் அடிப்படை கட்டட வரி. நாலாயிரம் சதுர அடி மாடிவீடு நூலகத்துக்குப் பங்களிக்கும். நாற்பது ஏக்கர் திராட்சைத் தோட்டம் பங்களிக்காது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, போடியில் ஏலக்காய் ஏலம் போகிறது, பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து இரு போகம் விளைகிறது. அந்தச் செல்வத்தில் நூலகத்துக்கு வந்துசேர்வது, அது சிமெண்டும் செங்கலுமாக மாறிய பிறகு மிஞ்சும் துளிதான். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைப்பது தமிழகம் முழுக்கத் தெரிந்த பழைய நோய்.

பணம் வந்தபின் புத்தகம் எப்படி வருகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. தமிழ்ப் பதிப்புலகில் ‘லைப்ரரி ஆர்டர்’ என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. அது கிடைத்தால் பதிப்பகத்துக்கு மூச்சு வரும். கிடைக்காவிட்டால் கிடங்கில் கட்டுகள் தூங்கும். அரசு நூலகங்களுக்காகப் பக்கக் கணக்கில், அதாவது பதினாறு பக்க ஃபாரத்துக்கு இத்தனை என்று விலை நிர்ணயித்து மொத்தமாக வாங்கும். புத்தகத்தின் உள்ளடக்கம், உழைப்பு, தாள், படம் எல்லாம் ஃபாரக் கணக்குக்குள் அடங்கியாக வேண்டும். நாற்பது பக்கச் சிறுவர் படக்கதை இந்தக் கணக்கில் எப்போதும் நட்டப்படும். முந்நூறு பக்கத் தன்னம்பிக்கை நூல் ஜெயிக்கும். குழந்தைகள் அலமாரி ஏன் இத்தனை வறண்டு கிடக்கிறது என்று கேட்பவர்கள் இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

2024இல் அரசு வெளிப்படையான கொள்முதல் கொள்கையை அறிவித்து, விண்ணப்பிக்கும் வேலையை இணையத்துக்குக் கொண்டுவந்தது. நெடுநாள் கோரிக்கை, வரவேற்க வேண்டியது. ஆனாலும் நூலகம் பற்றிய நம் பொதுப்பேச்சு இன்றும் எது வாங்கப்பட்டது, யாருடையது வாங்கப்படவில்லை என்பதிலேயே சுழல்கிறது. வாங்கிய புத்தகத்தைச் சின்னமனூரில் எத்தனை பேர் எடுத்தார்கள், போடியில் அது அட்டை மடங்காமல் இருக்கிறதா என்று பதிப்பாளரும் கேட்பதில்லை, எழுத்தாளரும் கேட்பதில்லை. பிரிட்டனில் 1979இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் இரவல் போகும் ஒவ்வொரு முறைக்கும் எழுத்தாளருக்குச் சிறுதொகை. 1984இல் முதல் பணம் பட்டுவாடா ஆனது. மாதிரியாக எடுத்துக்கொண்ட நூலகங்களின் வழங்கல் பதிவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எழுத்தாளருக்குக் கிடைத்த தொகை பெரிதல்ல. அதைவிடப் பெரிய லாபம், எந்த வட்டாரத்தில் எது வாசிக்கப்படுகிறது என்ற தகவல் ஆண்டுதோறும் கைக்கு வந்ததுதான். நம்மிடம் வாங்கிய கணக்கு இருக்கிறது. வாசித்த கணக்கு நூலகரின் மேசையோடு நின்றுவிடுகிறது.

அந்த மேசையில் என்ன இருக்கிறது? பழைய நூலகப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். திருப்பித் தரவேண்டிய நாள் முத்திரை முத்திரையாக விழுந்திருக்கும். அலமாரி முன் நின்று எதை எடுப்பது என்று தெரியாமல் தவிப்பவர், முதலில் பின்னட்டையைத் திறந்து சீட்டைத்தான் பார்ப்பார். சீட்டு நிரம்பி அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால் எடுத்துவிடலாம். ஊர் பேர் தெரியாத முப்பது நாற்பது பேர் சேர்ந்து செய்த சிபாரிசு அது. விளம்பரமில்லை, பதிப்பாளரின் பின்னட்டைப் புகழுரையில்லை. கணினியில் பதிந்து வழங்கும் முறை வந்தால் நூலகருக்கு வேலை குறையும், தேடுவது எளிதாகும், எல்லாம் சரி. ஆனால் அந்தத் தகவல் திரைக்குப் பின்னால் போய்விடும். வாசகர் கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை அதிகம் வெளியே போன இருபது தலைப்புகளை ஒரு தாளில் எடுத்து வாசலில் ஒட்டினால் போயிற்று. செலவில்லாத இந்தக் காரியத்தைச் செய்யும் நூலகங்கள் அரிது.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அவை. இரண்டாவதை நம் துறை ஓரளவு பிடித்துக்கொண்டது. நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மூன்றாவது விதியை யாரும் பொருட்படுத்தவில்லை. அலமாரியில் கிடக்கும் புத்தகம் தன் வாசகரைத் தேடிப் போகாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் புத்தகத்தையும் வாசகரையும் நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது அவர் விடாமல் வற்புறுத்திய கருத்து. அதே 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டபோது அதைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். ஊர் ஊராக வண்டி போகும். ஒருவர் அமர்ந்து வாசித்துக் காட்டுவார், பேசுவார். இன்றைய ஊர்ப்புற நூலகர் ஒருவரே பெருக்கி, பதிந்து, நாளிதழ் அடுக்கி, புரவலர் சேர்த்து, அறிக்கை அனுப்பி, மிச்ச நேரத்தில் இதையும் செய்ய வேண்டும். அவர்களில் பலர் செய்யவும் செய்கிறார்கள். அது தனிமனித நல்லெண்ணத்தால் நடப்பது. அவர் மாறுதலாகிப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும்.

வாசிப்பு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சற்றுக் கசப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. தலைவர், முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, மாணவருக்குக் கட்டுரைப் போட்டி, நன்றியுரை. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, பேசப்பட்ட புத்தகத்தை இரவல் எடுக்க ஒருவராவது மேசைக்கு வந்தாரா என்பதே என் அளவுகோல். பேச்சாளர் மூன்று நூல்களைப் பற்றி உருகிப் பேசியிருப்பார். அந்த மூன்றும் அந்தக் கிளையில் இருக்காது. நிகழ்ச்சியை முடிவுசெய்யுமுன் அலமாரியைப் பார்ப்பது, பேசப்போகும் நூலின் ஐந்தாறு படிகளைப் பக்கத்துக் கிளைகளிலிருந்து வரவழைத்து வைப்பது, அன்றைக்கே வழங்குவது என்ற மூன்று வேலைகளைச் சேர்த்தால் இதே விழா வேறு விழாவாகிவிடும். ஊர்கள் ஒரே பஸ் தடத்தில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ஐந்து கிளைகளிலிருந்து ஐந்து படிகள் சேர்ப்பது அரைநாள் வேலை.

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1998இல் நூலகர் நான்சி பேர்ல் இதைத்தான் பெரிய அளவில் செய்தார். ஊர் முழுக்க ஒரே நாவலைப் படித்தால் எப்படியிருக்கும் என்று கேட்டு, ரஸ்ஸல் பேங்க்ஸின் நாவலொன்றைத் தேர்ந்து, படிகளைப் பெருக்கி, கூட்டங்களை நூலகத்தோடு கட்டினார். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. அவருடைய இன்னொரு கருத்து எனக்கு அதைவிடப் பயன்படுவதாகத் தோன்றுகிறது. வாசகர் ஒரு நூலுக்குள் நான்கு வாசல்களில் ஏதோ ஒன்றின் வழியாக நுழைகிறார்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒருவருக்குப் பிடித்த புத்தகத்தின் வாசல் எது என்று தெரிந்தால் அடுத்த புத்தகத்தைச் சொல்லிவிடலாம். பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இதைத் தேனி அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட ஊர்களின் கதை. அதைத் திருப்பிக் கொடுக்க வரும் வாசகரிடம் நூலகர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: எது பிடித்தது? அணையும் தண்ணீரும் என்றால், முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட வரலாற்றை நாவலாக்கிய அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ இருக்கிறது. 1895இல் முடிந்த அந்த அணையின் தண்ணீரில்தான் இந்தப் பள்ளத்தாக்கு வாழ்கிறது. அதைக் கட்டிய பென்னி குயிக்கின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் குடும்பங்களுக்கு அந்த நாவலை அறிமுகப்படுத்த விழா எதற்கு? கரிசல் மண் மாதிரி வறண்ட பூமியின் பேச்சு மொழி பிடித்தது என்றால், கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’. உழைப்பாளிகளின் பாடு பிடித்தது என்றால், தேனிக்காரரான ம. காமுத்துரை நூற்பாலைத் தொழிலாளர்களை வைத்து எழுதிய ‘மில்’, கல்யாண வீட்டுச் சமையல்காரர்களை வைத்து எழுதிய ‘குதிப்பி’. மலைத்தோட்டத்து வேலை நெஞ்சைத் தொடும் என்று தெரிந்தால் பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பு. இதே மாவட்டத்துக்காரரான இயக்குநர் பாலா 2013இல் எடுத்த ‘பரதேசி’க்குத் தூண்டுதல் அந்த நாவல்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால், படம் பார்த்தவர் புத்தகத்தை வாங்கிப்போவார். பார்வையிழந்த பிள்ளைப்பருவத்தைச் சொல்லும் தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ பாத்திரத்தின் வாசலில் நுழைபவர்களுக்கானது. கவிதை என்றால் பெரியகுளத்து மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’, போடிப் பக்கத்து நா. காமராசனின் ‘கறுப்பு மலர்கள்’.

உள்ளூர்ப் பெருமைக்காக இந்தப் பெயர்களை அடுக்கவில்லை. உள்ளூர் எழுத்தாளர் என்று தனி அலமாரி வைத்துப் பூட்டிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. அது மரியாதை செலுத்தும் அலமாரி, வாசிக்கும் அலமாரியில்லை. ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையில் உள்ளூர் நூல் நடுவில் இருக்க வேண்டும். அந்தப் பாதையைப் போடத் தெரிந்தவர் மேசைக்குப் பின்னால் இருப்பவர்.

சிறுவர் விஷயத்தில் தமிழக அரசு நல்லதொரு தொடக்கம் செய்திருக்கிறது. பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் கதைப்புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிக்கும் திறனை வைத்துப் பிரித்தது அதன் புத்திசாலித்தனம். ஏழாம் வகுப்புப் பையன் வெட்கப்படாமல் ‘நட’ புத்தகத்தை எடுக்கலாம். இதற்கு முன்பே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் பள்ளிகளுக்கு வந்தன. ஆனால் இவையெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகின்றன. ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டினால் ‘ஓடு’ படிக்கும் பிள்ளை ஓட இடமில்லை. அட்லாண்டா நகரப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த பார்பரா ஹெய்ன்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில், கோடை விடுமுறையில் பிள்ளைகளின் சொல்வளம் கூடுவதோடு மற்ற எந்த நிறுவனத்தையும்விடப் பொது நூலகப் பயன்பாடே அதிகம் தொடர்புள்ளதாக இருந்தது என்றார். நம் கோடை முகாம்களில் யோகா, ஓவியம், சதுரங்கம், கைவினை எல்லாம் நடக்கின்றன. இரவல் மட்டும் பின்னுக்குப் போய்விடுகிறது. அதே நான்கு படிகளின் பெயரைக் கிளை நூலகத்துச் சிறுவர் அலமாரியிலும் ஒட்டினால், பள்ளியில் விட்ட இடத்திலிருந்து பிள்ளை தொடரலாம். இரண்டும் ஒரே அமைச்சரின் கீழ் இருக்கும் துறைகள்.

மலை ஏறி அந்தப் பக்கம் போனால் வேறொரு நூலக உலகம். கேரளத்தில் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி பி.என். பணிக்கர் தொடங்கிய சங்கம், பிறகு மாநிலம் முழுக்கக் கிரந்தசாலை இயக்கமாக வளர்ந்தது. யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது 1975இல் அதற்குக் கிடைத்தது. சட்டம் வந்தது 1989இல்தான். அதாவது அங்கே நூலகம் முதலில், சட்டம் பின்னால். இங்கே சட்டம் முதலில், நூலகம் பின்னால். விளைவு கொள்முதலில் தெரிகிறது. கேரளத்தில் ஊர் நூலகம் உறுப்பினர்களுடையது. மானியத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட நூலகக் கவுன்சில் நடத்தும் புத்தகச் சந்தைக்குப் போய், தங்கள் ஊருக்கு வேண்டியதைத் தாங்களே பொறுக்கி வருகிறார்கள். அதில் கட்சி அரசியல் நிறைய உண்டு, வாடிய நூலகங்களும் உண்டு. கேரளம் என்றதும் கண்ணை மூடிப் புகழத் தேவையில்லை. ஆனால் தேர்ந்தெடுப்பவரும் வாசிப்பவரும் ஒரே ஊர்க்காரர். தேனியிலும் 2022க்குப் பிறகு அரசு நிதியில் மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் நடத்தும் வழக்கம் வந்திருக்கிறது. நூலக ஆணைக்குழு தன் கொள்முதலில் ஒரு சிறுபகுதியை, பத்தில் ஒரு பங்கு போதும், அந்தத் திருவிழா அரங்குகளில் வாசகர் வட்டத்தைக் கூட்டிப்போய் வாங்கச் செலவிடட்டும்.

இடுக்கி மாவட்டத்தின் இடமலக்குடி முதுவர் பழங்குடி ஊராட்சியில் காட்டுக்குள் ஒரு தேநீர்க்கடைக்காரர் 160 புத்தகங்களோடு நடத்திய நூலகத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறிந்தது. அங்கே வாசிக்கப்பட்ட நூல்களில் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று. முதுவர்கள் தங்களை மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். கூடலூருக்கு மேலே மலைமுகட்டில், சித்திரை முழுநிலவன்று கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு ஏறும், சிலப்பதிகார நாயகி கண்ணகியின் கோயில் இருக்கிறது. அந்தத் திருவிழாவுக்கு முந்திய ஒரு மாதம் கூடலூர், கம்பம் நூலகங்களில் எளிய உரைநடைச் சிலப்பதிகாரம் முன்மேசையில் இருந்தால், அதற்கு அறிமுகவுரை யாரும் ஆற்ற வேண்டியதில்லை.

நூலகத்துக்கு வரவே முடியாதவர்கள் பற்றியும் பேசியாக வேண்டும். கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்புகள் விடிகாலையில் ஏற்றிப்போகின்றன. அவர்கள் இறங்கி, உலை வைத்து, நிமிரும் நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும். கிராம ஊராட்சிகள் தோறும் 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு, சொற்ப மதிப்பூதியத்தில் ஒருவர் சாவி வைத்திருப்பார். பல ஊர்களில் சாவியோடு சரி. இந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே ஒரு வழக்கமான கூட்டம் இருக்கிறது: சுயஉதவிக் குழுவின் கூட்டம். பதிவேடு எழுதப் பழகிய ஒருவர் அங்கே இருக்கிறார், கொடுத்ததைத் திருப்பி வாங்கும் ஒழுங்கும் இருக்கிறது. கிளை நூலகத்திலிருந்து நாற்பது புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டி குழுவுக்குக் குழு சுற்றிவரலாம். அறிவொளி இயக்கக் காலத்தில் பெரிய எழுத்தில் சிறு நூல்கள் போட்டுப் பழகிய மாநிலம் இது.

நூலகர்கள் இதற்குத் தயங்குவார்கள் என்பது தெரியும். இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் இதற்கொரு வழி எழுதப்பட்டிருக்கிறது. ஓராண்டில் ஆயிரம் நூல்கள் வழங்கப்பட்டாலோ பார்வையிடப்பட்டாலோ ஐந்து குறைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். அதே வரம்பைத் தேனி மாவட்ட ஆணைக்குழு ஒரு தீர்மானமாக எழுதி, சுற்றுக்குப் போகும் பெட்டிக்கு மட்டுமாவது பொருத்தினால், நூலகர் பெட்டியின் பூட்டைத் திறந்துவிடுவார்.